பழைய ரயில் புத்தகம் வாங்குவோருக்கும் விற்போருக்கும்: ஒரு கடைக்காரரின் அறிவுரைகள்

பழைய புத்தகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாடப் புத்தகம் கேட்பார்கள். மீதிப்பேரில் பெரும்பாலோர் நாவல், ஜோதிடம், சித்த வைத்தியம் என்று கேட்பார்கள். ரயில் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் சிலர்தான். ஆனால் அவர்கள் வந்தால் கீழ் அடுக்கு வரைக்கும் குனிந்து பார்க்காமல் போகமாட்டார்கள்.

சென்னையில் இந்த வியாபாரம் ரயிலடியிலேயே வளர்ந்தது. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி இருந்தது. பெரம்பூரிலும் ராயபுரத்திலும் அயனாவரத்திலும் இருந்த ரயில்வே குடும்பங்களின் பழைய பெட்டிகள் அங்கே வந்து இறங்கின. 1985 மே மாதம் மார்க்கெட் தீக்கிரையானது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. புத்தகக்காரர்கள் பக்கத்திலிருக்கும் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆனால் ரயில் புத்தகம் தேடுகிறவர்கள் குறையவில்லை.

இப்போது இளையவர்கள் சிலர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். எதை வாங்கலாம், என்ன விலை சொல்லலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பாடம் ஒன்றுதான்: பழைய புத்தகத்துக்கு விலை அதன் வயதால் வருவதில்லை, அதைத் தேடுகிற ஆளால் வருகிறது.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரயில் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் ஒரே வகை இல்லை. சிவில் இன்ஜினியரிங் மாணவருக்குத் தண்டவாளம் பற்றிய பாட நூல் வேண்டும். ரயில்வேயில் வேலை பார்ப்பவருக்கு இலாகா தேர்வுக்கான புத்தகம் வேண்டும். ரயில் ரசிகருக்கு இன்ஜின் படமும் எண்ணும் வேண்டும். ஆராய்ச்சி மாணவர் அறிக்கையும் புள்ளிவிவரமும் தேடுவார். பயணக் கதை படிப்பவர் பால் தெரூவின் ‘தி கிரேட் ரயில்வே பஜார்’ கிடைத்தால் போதும் என்று போய்விடுவார். 1975-இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு இன்றும் ஆள் வருகிறது. இவர்களோடு ஓய்வுபெற்ற டிரைவர்கள், கார்டுகள், ஸ்டேஷன் மாஸ்டர்களும் வருவார்கள். அவர்கள் வாங்குவது குறைவு, சொல்லிக்கொடுப்பது அதிகம். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

ஒரு நோட்டில் யார் எதைக் கேட்டார் என்று எழுதிவையுங்கள். புத்தகம் வந்தபின் ஆளைத் தேடுவது கஷ்டம். ஆளைத் தெரிந்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தேடினால் பணம் முடங்காது.

2. தாள் பழுத்திருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

நூறு வருடப் பழைய புத்தகம் என்று ஒருவர் நீட்டினால் கை நடுங்க வேண்டியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, அது யாருக்கு உதவும் என்று பாருங்கள். அந்தக் கால ஆங்கிலப் பொறியியல் கையேடுகள் பல ஆயிரக்கணக்கில் அச்சானவை, இன்று கேட்பாரற்றுக் கிடக்கின்றன. மறுபக்கம் ஹியூ ஹியூஸ் எழுதிய ‘இந்தியன் லோகோமோட்டிவ்ஸ்’ என்ற நான்கு பாகங்களைப் பாருங்கள். 1990 முதல் 1996 வரைக்குள் வந்தவை. அகலப் பாதைக்கு ஒன்று, மீட்டர் கேஜுக்கு ஒன்று, குறுகிய பாதைக்கு ஒன்று, 1941-க்குப் பிறகு வந்த இன்ஜின்களுக்கு ஒன்று. வயது குறைவு, அட்டையும் சாதாரணம். ஆனால் இந்திய இன்ஜின்களைப் பற்றித் தேடுகிற எவருக்கும் அது தேவைப்படுகிறது. அது வந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

நான்கு பாகமும் ஒன்றாகக் கிடைத்தால் பிரித்து விற்காதீர்கள். தனித்தனியாக விற்றால் மீட்டர் கேஜ் பாகம் முதலில் போய்விடும், மற்ற மூன்றும் உங்களோடு குடியிருக்கும்.

3. தலைப்பைப் படித்ததும் நின்றுவிடாதீர்கள், பதிப்பைப் படியுங்கள்.

ஒரே தலைப்பில் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத விலைகள் இருக்கும். கிப்ளிங்கின் ஆரம்பக் கதைகள் 1888-இல் அலகாபாத்திலிருந்து ஏ.எச். வீலர் கம்பெனி வெளியிட்ட ‘இந்தியன் ரயில்வே லைப்ரரி’ வரிசையில் வந்தன. ரயிலில் படிக்க, பிளாட்பாரக் கடையில் விற்க, ஒரு ரூபாய் விலையில் போட்ட மெல்லிய காகித அட்டைப் புத்தகங்கள் அவை. அதே கதைகள் பிறகு லண்டனிலும் பல ஊர்களிலும் திரும்பத் திரும்ப அச்சாயின. அலகாபாத் பதிப்பு கிடைத்தால் அது பெரிய விஷயம். பிந்தைய பதிப்பு கிடைத்தால் அது வாசிக்க நல்ல புத்தகம், அவ்வளவுதான்.

பிராட்ஷா கால அட்டவணையிலும் இதே குழப்பம் வரும். பிரிட்டனில் 1839 முதல் வந்த அந்த அட்டவணையின் பழைய இதழ்கள் சிலவற்றை டேவிட் அண்ட் சார்லஸ் நிறுவனம் அப்படியே மறுபடி அச்சிட்டது. முகப்பில் 1910 என்று இருக்கும், தாளைத் தொட்டால் அது பிற்காலத்துத் தாள் என்று தெரியும். முகப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், உண்மை அங்கேதான் இருக்கும்.

இப்போது ஸ்கேன் செய்து கேட்கும்போது அச்சடித்துக் கொடுக்கும் மறுபதிப்புகளும் நிறைய வருகின்றன. படிப்பதற்கு அவை மோசமில்லை. ஆனால் பெரிய வரைபடம் மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கும், பாதி ஊர்கள் காணாமல் போயிருக்கும். மறுபதிப்பை மறுபதிப்பு என்றே சொல்லி விற்க வேண்டும்.

4. பக்கத்தை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரயில் புத்தகத்தில் முதலில் காணாமல் போவது மடிப்பு வரைபடம். அடுத்தது இன்ஜின் வரைபடங்கள். அடுத்தது பின்னட்டைப் பையில் செருகியிருக்கும் தனித்தாள். கண்ணாடிச் சட்டம் போட யாரோ ஒருவர் பிளேடால் அறுத்து எடுத்திருப்பார். தென்னிந்திய ரயில்வே கம்பெனி வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டியைப் போன்ற நூல்களில் இது அடிக்கடி நடக்கும். ஊர், கோயில், சத்திரம், ஓட்டல் விவரமெல்லாம் அப்படியே இருக்கும், படங்கள் மட்டும் இருக்காது.

முன்பக்கத்தில் படப்பட்டியல் இருந்தால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தையல் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், அறுத்த இடத்தில் சின்ன விளிம்பு தட்டுப்படும். சந்தேகம் வந்தால் எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. முழுப் பிரதி அங்கே இருக்கிறதா என்று பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு பகல் போகும், ஆனால் கற்றுக்கொண்டது நிற்கும்.

5. கால அட்டவணையை எடைக்குப் போடாதீர்கள்.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். தேதி போன ரயில்வே டைம் டேபிள் யாருக்கு என்று நினைக்கிறார்கள். இன்று இல்லாத பாதையும் நிலையமும் அதில்தான் உயிரோடு இருக்கின்றன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிப் பாதை அழிந்தது. அதற்கு முந்தைய அட்டவணை ஒன்று கிடைத்தால், அந்த வண்டி எந்த ஊரில் எத்தனை மணிக்கு நின்றது என்பது நமக்குத் தெரியும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதை இன்று இல்லை. சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-இல் நின்றது. இவற்றையெல்லாம் தேடி வருகிற ஆள் உண்டு.

கல்கத்தாவில் நியூமேன் கம்பெனி வெளியிட்ட ‘இந்தியன் பிராட்ஷா’ வந்தால் விளம்பரப் பக்கங்களையும் கிழிக்காமல் வையுங்கள். ஓட்டல், டிரங்குப் பெட்டி, மருந்து விளம்பரங்களுக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1951 ஏப்ரல் 14-இல் மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது. அந்தத் தேதிக்கு முன்பின்னாக வந்த அட்டவணைகளைத் தனியாக எடுத்துவையுங்கள், கேட்டு வருவார்கள்.

6. அரசு வெளியீடுகளை மதியுங்கள்.

அட்டை பகட்டாக இருக்காது, அச்சு மங்கலாக இருக்கும். ஆனால் ரயில்வே அமைச்சகம் 1953-இல் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட ஜே.என். சாஹ்னியின் நூல், நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட எம்.ஏ. ராவின் ‘இந்தியன் ரயில்வேஸ்’, மலை ரயில்களைப் பற்றி ஆர்.ஆர். பண்டாரி எழுதியவை எல்லாம் நிதானமாக, நிச்சயமாக விற்பவை. ஆண்டு நிர்வாக அறிக்கைகள் ஆராய்ச்சியாளருக்குப் போகும். வெளிநாட்டுப் பதிப்புகளில் ஜே.என். வெஸ்ட்வுட், மைக்கேல் சாட்டோ, பெரிட்ஜ், இயன் கெர் ஆகிய பெயர்களை மனத்தில் வையுங்கள். இந்திய ரயில்வே வரலாறு என்றால் இவர்களைக் கேட்பார்கள்.

பிரிட்டனையும் அமெரிக்காவையும் மட்டும் பேசும் படப் புத்தகங்கள் பார்க்க அழகாக இருக்கும். நம்மூரில் அவை மெதுவாகத்தான் நகரும். மாடல் ரயில் செய்பவர் யாராவது உங்கள் நோட்டில் இருந்தால் மட்டும் கனத்த விலை கொடுங்கள்.

7. விதிப்புத்தகத்தை வரலாறாக விற்கலாம், பாடமாக விற்கக் கூடாது.

ரயில்வே பொது விதிகள், துணை விதிகள் அடங்கிய கையேடுகள் அடிக்கடி வரும். அவற்றுக்குத் திருத்தச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பழைய சொந்தக்காரர் அவற்றை ஒட்டி வைத்திருப்பார், பாதி ஒட்டாமலும் விட்டிருப்பார். தேர்வு எழுதுகிற பையன் விலை குறைவு என்று அதை எடுத்தால், ‘தம்பி, இது பழைய பதிப்பு, தேர்வுக்கு இப்போதைய திருத்தங்களோடு புதிதாக வாங்கிக்கொள்’ என்று சொல்லுங்கள். ரயில் ஓட்டுகிற வேலையில் பழைய விதியைப் படித்தவன் ஆபத்தானவன். உங்களுக்கு நூறு ரூபாய் போகட்டும்.

தண்டவாளப் பொறியியல் பாட நூல்களிலும் பதிப்பு ஆண்டைச் சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அடுத்த வருடம் அவர்களே ஜூனியர்களை அழைத்து வருவார்கள்.

8. முத்திரை இருந்தால் நில்லுங்கள்.

நூலக முத்திரை, அலுவலக முத்திரை, லோகோ ஷெட் முத்திரை எது இருந்தாலும், அது முறைப்படி கழித்துவிட்ட புத்தகமா என்று பாருங்கள். கழித்ததற்கான குறிப்போ ஏல ரசீதோ இல்லையென்றால் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே இருக்கிறது. அதன்படி விசாரிப்பது ரயில்வே பாதுகாப்புப் படை. ‘எனக்குத் தெரியாது, கொண்டுவந்தார்கள், வாங்கினேன்’ என்பது அங்கே எடுபடாது. புத்தகத்தோடு பித்தளை வில்லை, கை விளக்கு, டோக்கன் என்று யாராவது சேர்த்துக் கொண்டுவந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டார் என்று கையெழுத்துப் பதிவேடுகளையும் பழைய ஆவணங்களையும் அனுப்பிவிடாதீர்கள். வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தொல்லியல் துறையைக் கேட்காமல் தபாலில் போடக் கூடாது.

யாரிடம் எப்போது எதை வாங்கினீர்கள் என்ற குறிப்பும் ஒரு கையெழுத்தும் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

9. வீட்டுக்குப் போய் வாங்கும்போது வியாபாரியாக மட்டும் போகாதீர்கள்.

நல்ல ரயில் புத்தகங்கள் கடைக்கு நடந்து வருவதில்லை. பெரம்பூரிலும், பொன்மலையிலும், அரக்கோணத்திலும், ஜோலார்பேட்டையிலும், போத்தனூரிலும் ரயில்வேக்காரர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவர் காலமான பிறகு வீட்டைக் காலிசெய்யும்போதுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். காரியம் முடியும்வரை விலை பேச்சை எடுக்காதீர்கள். அம்மா உட்காரச் சொன்னால் உட்காருங்கள், காபி கொடுத்தால் குடியுங்கள். அவர் கணவர் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார், எந்த வண்டி ஓட்டினார் என்று கேளுங்கள். புத்தகம் ஏன் அந்த வீட்டுக்கு வந்தது என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும்.

புத்தகங்களுக்கு நடுவே பென்ஷன் காகிதம், சர்வீஸ் பதிவு, கல்யாணப் போட்டோ, கடிதம் எல்லாம் இருக்கும். கடைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயே ஒவ்வொரு புத்தகத்தையும் உதறிப் பார்த்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மொத்தத்தில் ஒரே ஒரு புத்தகம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பெறும் என்றால் அதைச் சொல்லி, அதற்குத் தனி விலை கொடுங்கள். இது தர்மம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ரயில்வே காலனியில் ஒரு வீட்டில் நடந்தது சாயங்காலத்துக்குள் அடுத்த வீதிக்குத் தெரிந்துவிடும்.

10. பழைய பேப்பர் கடைக்காரரை நண்பராக்கிக்கொள்ளுங்கள்.

எடைக்குப் போகும் புத்தகத்தின் கெட்டி அட்டையைத்தான் முதலில் கிழிப்பார்கள். அட்டைக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை. அட்டையும் முகப்புப் பக்கமும் போனபின் அந்தப் புத்தகம் உங்களுக்கு வந்து பயனில்லை. ‘இன்ஜின் படம், ரயில் படம், மேப் இருந்தால் கிழிக்காமல் ஓரமாக வையுங்க, எடை விலையைவிடக் கூடத் தர்றேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொன்னபடி கூடக் கொடுங்கள். பத்துத் தடவை உதவாத கட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாவது கட்டு வேறு கடைக்குப் போகாது.

11. வாங்கும் விலையில்தான் கடை நிற்கிறது.

இந்த ரகப் புத்தகம் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட அலமாரியில் தூங்கும். அதனால் விற்கக்கூடிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்து வாங்கினால் வாடகை உங்களைத் தின்றுவிடும். ஆள் தயாராகக் காத்திருக்கிறார் என்றால் பாதிவரை போகலாம். இணையத்தில் ஒருவர் கேட்கிற விலையைக் காட்டி விற்க வருவார்கள். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

விலையைப் பென்சிலால், உள் அட்டை மூலையில், சின்னதாக எழுதுங்கள். பேனாவும் ஸ்டிக்கரும் புத்தகத்துக்கு நீங்கள் செய்யும் சேதம்.

12. ஈரம், பூச்சி, செலோடேப் மூன்றையும் கிட்டே விடாதீர்கள்.

ரயில் படப் புத்தகங்கள் பெரும்பாலும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சானவை. அந்தத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே செங்கல்லாகிவிடும், பிரித்தால் படம் உரிந்துவரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அப்படி எத்தனையோ நல்ல புத்தகங்கள் எடைக்குப் போயின. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துங்கள். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள்.

புதிதாக வந்த கட்டை நேராக அலமாரியில் சேர்க்காமல் சில நாள் தள்ளிவைத்துப் பாருங்கள். இராமபாணப் பூச்சி ஒன்று உள்ளே போனாலும் அடுக்கு முழுக்கப் பரவும். வசம்பும் வேப்பிலையும் வைக்கலாம், ஆனால் வாரம் ஒருமுறை புத்தகத்தை எடுத்துத் தட்டுவதற்கு இணை எதுவுமில்லை. கிழிந்த பக்கத்தைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். பசை பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் அட்டை விளிம்பு அறுபடும். கட்டுக்கு மேலும் கீழும் ஒரு அட்டைத் துண்டு வையுங்கள்.

13. குறையை முதலில் சொல்லுங்கள்.

‘மேப் இல்லை, 40-ஆம் பக்கம் ஓரம் கிழிந்திருக்கிறது, பழைய சொந்தக்காரர் பேர் எழுதியிருக்கிறார்’ என்று நீங்களே சொன்னால் வாங்குகிறவர் பேரம் குறைவாகப் பேசுவார். அவரே கண்டுபிடித்தால் புத்தகத்தையும் வைத்துவிடுவார், கடையையும் மறந்துவிடுவார். வெளியூருக்கு அனுப்பும்போது எல்லாக் குறையையும் எழுதி, படமும் எடுத்து அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேளுங்கள். ரயில் ரசிகர் வட்டம் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

புத்தகத்தில் எழுதியிருப்பது எல்லாமே குறையும் அல்ல. இன்ஜின் டிரைவர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு, அச்சான வரியைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம். அழிக்காதீர்கள்.

14. தமிழில் இருப்பதைத் தேடுங்கள்.

ரயில் புத்தகம் என்றாலே ஆங்கிலம் என்று எண்ணுவது நம் தொழிலின் சோம்பல். ரயில் வந்த புதுமையையும் ரயில் விபத்துகளையும் பாடிய சிந்துப் பாட்டுப் புத்தகங்கள் சென்னைக் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. மட்டமான தாள், எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். வாங்கியவர் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார், அதனால்தான் இன்று கிடைப்பது அரிது. தமிழ்க் கால அட்டவணைகள், தலயாத்திரை வழிகாட்டிகள், தொழிற்சங்கச் சிறு வெளியீடுகள், பொன்மலைத் தொழிலாளர் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் எதையும் ஒதுக்காதீர்கள். பழைய பாட்டுப் புத்தகக் கட்டைப் பிரித்துப் பாராமல் விடாதீர்கள்.

15. சிலவற்றை விற்க வேண்டாம்.

வேறெங்கும் பிரதி இல்லை என்று தோன்றும் புத்தகம் கைக்கு வந்தால் அதை நூலகத்துக்குக் காட்டுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களில் பிறந்த நூலகம் அது. அப்படி ஓரிடத்தில் ஒரு பிரதி சேர்ந்துவிட்டால் பிறகு வருகிற எல்லோருக்கும் அது இருக்கும். விற்றே ஆகவேண்டிய நிலை என்றால் ஸ்கேன் எடுக்கக் கொடுத்துவிட்டு விற்கலாமா என்று வாங்குகிறவரைக் கேளுங்கள். பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தத் தொழிலில் பெரிய பணம் வராது. பாரதி சாலை நடைபாதையிலும், புத்தகக் காட்சிக்கு எதிரே விரிக்கும் கோணியிலும் உட்கார்ந்து பிழைத்தவர்களைக் கேளுங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள். வாடகையும் சோறும் வரும், பேரும் வரும். அதற்கு வேண்டியவை மூன்று: பதிப்பு பற்றிய அறிவு, நேர்மையான விலை, வாங்க வருகிறவருக்காகக் காத்திருக்கும் பொறுமை. முதல் இரண்டையும் பிறரிடம் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவது உங்களிடம் இல்லையென்றால் ரயில் புத்தகத்தை விட்டுவிட்டு நோட்ஸ் விற்கப் போங்கள், அதில் குறையொன்றும் இல்லை.